விந்துப் பரிசோதனை: மாதிரியை வீட்டில எடுத்துக் கொண்டுபோகலாமா?

கேள்வி: ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் சிகிச்சை) தொடங்க முதல் விந்துப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கினம். கொழும்பு வெள்ளவத்தையில வீட்டில எடுத்து பொரளையில இருக்கிற ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனால் முடிவு பிழைக்குமோ?

பதில் 1: பிழைக்காது, ஆனால் நேரம் முக்கியம். 30 நிமிடத்துக்குள்ள குடுத்தால் நல்லம், 60 தாண்டவே கூடாது. காலி வீதி நெரிசல் தெரியும்தானே, பள்ளிக்கூட நெரிசல் நேரம் முடிஞ்சபிறகு குடுக்கிற மாதிரி ஆய்வுகூடத்தில நேரம் பதியுங்கோ. ஆய்வுகூடம் தாற போத்தலையே பாவியுங்கோ. சாதாரண ஆணுறை, எண்ணெய், எச்சில் எதுவும் வேண்டாம். விந்தணுவின்ர அசைவைக் கெடுக்கும். போத்தலைச் சட்டைக்குள்ள உடம்போட ஒட்டி வையுங்கோ. வெப்பம் 20–37 பாகைக்குள்ள இருக்கவேணும், ஏசிக் காத்துப் படவிடாதேங்கோ.

பதில் 2: கடைசியா விந்து வெளியேறி 2–7 நாள் இடைவெளி விட்டு எடுக்கவேணும். முதல் பகுதி வெளியில சிந்தினால் மறைக்காமல் சொல்லுங்கோ அண்ணா. விந்தணு கூட இருக்கிறது அதிலதான். அது இல்லாட்டி எண்ணிக்கை பொய்யாக் குறையும்.

பதில் 3: அண்மையில டெங்கு மாதிரிக் கடும் காய்ச்சல் வந்ததோ? அதால விந்தணு குறைஞ்சு காட்டலாம். விந்தணு உருவாகி வர இரண்டரை மாதமளவு செல்லும், அப்படியெண்டால் 3 மாதம் கழிச்சுத் திரும்பப் பாருங்கோ. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில கீழெல்லை: விந்தின்ர அளவு 1.4 மில்லிலீற்றர், விந்தணு மில்லிலீற்றருக்கு 16 மில்லியன், அசையிற விந்தணு 42%. ஒருமுறை குறைஞ்சதை வைச்சு முடிவெடுக்காதேங்கோ.