கடினமான மக்காச்சோள மணிதான் தரமான மணியா?

கேள்வி:
ஐந்து மக்காச்சோள இனத்தொகுதிகளை ஒரே நிலத்தில் அடுத்தடுத்து விதைத்து, காற்றில் இயல்பாக மகரந்தச் சேர்க்கை நடந்த கதிர்களிலிருந்து மணிகளை எடுத்து, ஆயிரம் மணி எடை, ஹெக்டோலிட்டர் எடை (நூறு லிட்டர் கொள்ளளவு மணிகளின் எடை), மிதவைச் சோதனை (கடினமான மணிகள் குறைவாக மிதக்கும்), புரதம், எண்ணெய் ஆகியவற்றை அளந்தேன். மிகக் குறைவாக மிதந்த, கண்ணாடி போன்ற மணிகளிலேயே புரதமும் மிகுந்திருந்தது. அந்தத் தொகுதியே சத்தில் சிறந்தது என்று எழுதலாமா?

மறுமொழி 1:
எழுத வேண்டாம். மணியின் கடினத்தன்மைக்குப் பெரிதும் காரணமான சீன் என்னும் புரதத்தில், உடலுக்கு இன்றியமையாத அமினோ அமிலங்களான லைசின் மிகக் குறைவு, டிரிப்டோபான் ஏறத்தாழ இல்லை. ஆகவே கடினமும் புரத அளவும் சேர்ந்தே உயர்ந்தாலும் புரதத்தின் தரம் உயர்ந்ததாகாது. 1964-இல் லைசின் மிகுந்ததாக அறிவிக்கப்பட்ட ஒபேக்-2 என்னும் மரபணுத் திரிபுடைய மக்காச்சோள மணிகள் இதற்கு நேர்மாறாக மென்மையாகவும் மாவாகவும் இருந்தன. அதனால் அவை எளிதில் உடைந்தன, பூச்சிக்கும் இரையாயின. சத்தை இழக்காமல் அந்த மணிகளைக் கடினமாக்குவதற்குச் அறிவியலாளர்கள் சுரிந்தர் வாசலும் எவாஞ்சலினா வில்லேகாசும் பல ஆண்டுகள் உழைத்தார்கள். 2000-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது மிகப் பொருத்தமானது. லைசினையும் டிரிப்டோபானையும் தனியே அளந்த பிறகே சத்தைப் பற்றிப் பேசுங்கள்.

மறுமொழி 2:
எனக்கு அதைவிடப் பெரிய கவலை மகரந்தத்தைப் பற்றியது. மணியின் மேலுறை முழுவதும் தாய்ச்செடியுடையது; ஆனால் கருவூணின் (முளைக்கு உணவாகும், மணியின் மாப்பகுதி) மூன்று மரபுப் பங்குகளில் ஒன்று மகரந்தத்திலிருந்து வருகிறது. ஒபேக்-2, மெழுகு மக்காச்சோளம் போன்ற ஒடுங்கு பண்புகள் (தாய், தந்தை இரு வழியிலும் வந்தால் மட்டுமே வெளிப்படுபவை) பக்கத்து வரிசையின் மகரந்தம் விழுந்த அந்த மணியிலேயே மறைந்துவிடும். எண்ணெய் அளவும் மாறக்கூடும். நீங்கள் அளந்தது தொகுதிகளின் இயல்பை அன்று, அவற்றின் கலப்பை.

கேட்டவர்:
அப்படியானால் இந்த ஆண்டின் அளவுகள் அனைத்தும் வீண்தானா?

மறுமொழி 2:
இல்லை. ஆயிரம் மணி எடை பெரும்பாலும் தாய்ச்செடியையும் நிலத்தையும் சார்ந்தது என்பதால், அதை எச்சரிக்கையோடு ஒப்பிடலாம். வேதிப் பகுப்பாய்வுக்கு மட்டும், அடுத்த பருவத்தில் பட்டிழை (கதிர் நுனியில் மகரந்தத்தை ஏற்கும் இழை) வெளிவரும் முன்பே கதிர்களுக்கு உறையிட்டு, அந்தந்தத் தொகுதிக்குள்ளேயே பல செடிகளின் மகரந்தத்தைக் கலந்து கையால் சேருங்கள். தழைச்சத்து மிகுந்தால் புரதமும் கூடும். ஆகையால் எல்லாப் பாத்திகளுக்கும் உரத்தை ஒரே அளவில் இடுங்கள்.