குடியை நிறுத்தியவரிடம் ஆளுமைக் கோளாறு: எப்போது சொல்லலாம்?

கேள்வி: மது நிறுத்தி 10 நாள் ஆனவர். சட்டென்று கோபம், பொய், கையைக் கீறிக்கொள்ளுதல். எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு (உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் ஆடும் நிலை) என்று எழுதிவிடலாமா?

பதில் 1: இப்போது வேண்டாம். 10ஆம் நாளில் எரிச்சலும் தூக்கமின்மையும் மது விலகலாகவே (குடியை நிறுத்தியதும் உடல் காட்டும் எதிர்வினை) இருக்கலாம். மதுவால் வந்த மனச்சோர்வு பலருக்கு 2 முதல் 4 வாரத்தில் தணிந்துவிடும். ஆனால் கீறல் காத்திருக்காது. தற்கொலை எண்ணம் உண்டா என்று இன்றே நேரடியாகக் கேளுங்கள்.

பிறகு காலவரிசை போடுங்கள்: முதல் குடி எந்த வயதில், முதல் கீறல் எந்த வயதில், குடிக்காத மாதங்களில் என்ன நடந்தது. வீட்டாரிடமும் தனியாகக் கேளுங்கள். எல்லைக்கோட்டு ஆளுமைக்கு டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு) கேட்பது 9 அளவுகோல்களில் 5. அவை போதைக்கு வெளியேயும் நீடிக்க வேண்டும். குடிக்கப் பணத்துக்காகச் சொன்ன பொய்யை ஆளுமையில் சேர்க்காதீர்கள். சமூகவிரோத ஆளுமை என்றால் வயது 18 நிறைந்திருக்கணும், 15 வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறின் (பிறரைத் துன்புறுத்துவது, விதிகளைத் தொடர்ந்து மீறுவது) தடயமும் வேண்டும். இதைத்தான் பலர் கேட்காமல் விடுகிறார்கள்.

பதில் 2: கோளாறு இல்லாவிட்டாலும் குணக்கூறுகளைப் பாருங்கள். பதற்றத்துக்கு அஞ்சுபவர், நம்பிக்கையிழந்தவர், கிளர்ச்சி தேடுபவர், யோசிக்காமல் செய்பவர் என ஒவ்வொருவரும் குடிக்கும் காரணம் வேறு. மறுசறுக்கலை (திரும்பக் குடிக்கத் தொடங்குவதை) தடுக்கும் திட்டமும் அதற்கேற்ப மாறணும்.

பதில் 3: குடி அடிமைத்தனம், எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு இரண்டும் உறுதியானால் சிகிச்சையைச் சேர்த்தே நடத்துங்கள். உளவியலாளர் மார்ஷா லினஹன் வகுத்த டிபிடியில் (உணர்ச்சியைக் கையாளக் கற்றுத்தரும் பேச்சு சிகிச்சை) வாராந்தரத் தனி அமர்வு, திறன் பயிற்சிக் குழு இரண்டும் உண்டு. "முதலில் குடியை விட்டுட்டு வா" என்று திருப்பி அனுப்பினால் பாதிப்பேர் திரும்ப வரமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். விலகல் முடிந்தபின் பென்சோடயசெபைனை (விலகலின்போது தரும் அமைதி மருந்து) தொடர வேண்டாம். அதுவே அடுத்த போதையாகும்.