எஃப்.ஐ.ஆரில் ஐந்து பிரிவுகள், ஒன்று மாநிலச் சட்டம். அப்பா, அம்மா, தம்பி மூவர் மேலும் வழக்கு. எதற்கு என்ன பதில்?

வாய்க்கால்கரை மகள்:

வணக்கம். எங்கள் ஊர் தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமம். நான் கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் பொது வாய்க்கால் ஓடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வைக்கத் தோண்டிய மண்ணை அதில் கொட்டிவிட்டார். மழைத் தண்ணீர் எங்கள் அடுப்படி வரை வந்துவிட்டது. போன ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா (வயது 63) மண்ணை வெட்டி ஒதுக்கப் போனார். வாக்குவாதம் முற்றி அவர் மண்வெட்டியை ஓங்க, அப்பா இடது கையால் தடுத்திருக்கிறார், காம்பு மணிக்கட்டில் பட்டது. அவர் மறுபடி ஓங்கவும் அப்பா தள்ளிவிட்டார். அவர் துணி துவைக்கிற கல்லில் விழுந்து தலையில் மூன்று தையல்.

திங்கள் பகல் எஃப்.ஐ.ஆர் போட்டார்கள். ஏ1 அப்பா, ஏ2 அம்மா, ஏ3 தம்பி. "மூவரும் கம்பால் அடித்து, அசிங்கமாகப் பேசி, கொலை மிரட்டல் விடுத்தனர், புகார்தாரர் மனைவியை மானபங்கமாகப் பேசினர்" என்று இருக்கிறது. பிரிவுகள்: பி.என்.எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா, புதிய தண்டனைச் சட்டம்) 296(பி), 115(2), 118(1), 351(3), அப்புறம் தமிழ்நாடு பெண்களுக்கு எதிரான வன்கொடுமை தடுப்புச் சட்டம் பிரிவு 4.

தம்பி அன்று ஊரிலேயே இல்லை, திருநெல்வேலியில் கோச்சிங் வகுப்பில் இருந்தான். இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வில் தேறி, உடல்தகுதித் தேர்வுக்குக் காத்திருக்கிறான். அம்மா வாசலில் நின்று அழுதது மட்டும்தான். சொந்தக்காரர்கள், "எதுவுமே நடக்கவில்லை, அவரே தடுக்கி விழுந்தார் என்று சொல்லிவிடுங்கள்" என்கிறார்கள். அப்படிச் சொல்லலாமா? எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

தெற்குரதவீதி:

சகோதரி, நேராக ஹைகோர்ட் மதுரைக் கிளையில் 482 போட்டு எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்யச் சொல்லுங்கள். பொய் வழக்குக்கு அதுதான் வழி. கீழ்க் கோர்ட்டில் வருடக்கணக்காக இழுக்கும்.

குமாஸ்தா அண்ணாச்சி:

தங்கச்சி, முதலில் ஒன்று. நான் வக்கீல் இல்லை. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் 19 வருடமாக வக்கீல் குமாஸ்தா. இந்த ஐந்து பிரிவும் சேர்ந்த எஃப்.ஐ.ஆரை எத்தனையோ தடவை நகல் எடுத்திருக்கிறேன். நான் சொல்வதை உங்கள் வக்கீலிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே தெற்குரதவீதி சொன்ன 482 பற்றி. 2024 ஜூலை 1 முதல் சட்டம் மாறிவிட்டது. பழைய சட்டத்தில் 482 என்றால் ரத்து மனு. இப்போது பி.என்.எஸ்.எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 482 என்றால் முன்ஜாமீன், ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. எண்ணை மட்டும் வைத்துப் பேசினால் இரண்டும் குழம்பும். உங்களுக்கு இன்று தேவை முன்ஜாமீன். ரத்து மனுவில் ஹைகோர்ட் சாட்சி விசாரிப்பதில்லை. அப்பா கம்பால் அடித்தாரா, தள்ளினாரா என்பதை அங்கே தீர்க்க முடியாது. தம்பிக்கு மட்டும் அந்த வழி பிறகு திறக்கலாம், கீழே சொல்கிறேன்.

இப்போது பிரிவுகள். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டிய சங்கதிகள் உண்டு. அதில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பிரிவு நிற்காது.

296(பி) ஆபாசமாகப் பேசுவது. பொது இடத்திலோ அதன் அருகிலோ பேசியிருக்க வேண்டும், கேட்ட மற்றவர்களுக்கு அது தொந்தரவாக இருந்திருக்க வேண்டும். வெறும் வசவு ஆபாசம் ஆகாது, பேச்சில் காமத்தைத் தூண்டும் தன்மை இருக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. உங்கள் எஃப்.ஐ.ஆரில் என்ன வார்த்தை என்றே எழுதவில்லை என்றால் வக்கீலிடம் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.

351(3) கொலை மிரட்டல், ஏழு வருடம் வரை தண்டனை. மிரட்டல் நிஜமாக இருக்க வேண்டும், சண்டை வேகத்தில் வாயில் வந்த சொல் போதாது என்பது மெட்ராஸ் ஹைகோர்ட் பல காலமாகச் சொல்லிவருவது.

118(1) ஆயுதத்தால் காயம், மூன்று வருடம் வரை. இங்கேதான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது. கம்பால் அடித்தால்தான் இந்தப் பிரிவு. தள்ளியதில் கல்லில் விழுந்து காயம் பட்டது என்றால் இது 115(2)-க்குள் வந்துவிடும், அதற்கு ஒரு வருடம் வரை அல்லது பத்தாயிரம் வரை அபராதம். எது நடந்தது என்பதற்கு முதல் சாட்சி ஜி.ஹெச்சில் அன்று ராத்திரி டியூட்டி டாக்டர் எழுதிய ஏ.ஆர், அதாவது விபத்துப் பதிவேடு. "எத்தனை பேர், தெரிந்த ஆளா, எதனால், எத்தனை மணிக்கு" என்று காயம்பட்டவர் சொன்னதை டாக்டர் அதில் எழுதுவார். அந்த நேரத்தில் யாரும் வக்கீலிடம் போயிருக்கமாட்டார்கள், பெயர்ப் பட்டியலும் தயாராகியிருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வழக்கு. எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேர், அரிவாள், கம்பு. ஏ.ஆரில் ஒரே வரி: "தெரிந்த இரண்டு நபர்கள் கையால் தாக்கியதாகச் சொல்கிறார்." டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்தபோது எங்கள் வக்கீல் அந்த ஒரு வரியை மட்டும் படிக்கச் சொன்னார். அவர் படித்து முடித்ததும் கோர்ட்டே அமைதியாகிவிட்டது. ஐந்து பேரும் விடுதலை. அன்றிலிருந்து எந்த வழக்குக் கட்டு வந்தாலும் நான் முதலில் புரட்டுவது ஏ.ஆர் காப்பிதான்.

பக்கத்து வீட்டுக்காரருடைய ஏ.ஆர், குற்றப்பத்திரிகை நகலோடு உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும். ஆனால் உங்கள் அப்பாவுக்கு ஏ.ஆர் இருக்கிறதா? மணிக்கட்டில் அடி என்கிறீர்கள். பச்சிலைக் கட்டு போட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் இன்றே ஜி.ஹெச்சுக்குக் கூட்டிப்போங்கள். மூன்று நாள் தாமதத்தை எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டும், காட்டட்டும். தாமதத்துக்கு என்ன காரணமோ அதை அப்படியே சொல்லுங்கள். இல்லாத காயத்தைக் கூட்டிச் சொல்லவே கூடாது.

பிறகு அப்பா தரப்பில் புகார் கொடுங்கள், சி.எஸ்.ஆர் ரசீது, அதாவது புகார் பெற்றதற்கான ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனு. பி.என்.எஸ்.எஸ் 173(4) அந்த வழியைச் சொல்கிறது. இரண்டு பக்கமும் வழக்கு இருந்தால் ஒரே அதிகாரி இரண்டையும் சேர்த்து விசாரித்து, யார் முதலில் கை ஓங்கியது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாடு போலீஸ் நிலை ஆணைகளில் இதற்காகவே ஒன்று இருக்கிறது (பழைய எண் 588-ஏ).

மாநிலச் சட்டம் பற்றி. 1998-ல் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி ஈவ் டீசிங்கால் இறந்துபோனார். அதற்குப் பிறகு வந்த சட்டம் அது. பஸ் ஸ்டாண்டிலும் தெருவிலும் பெண் பிள்ளைகள் பயமில்லாமல் நடக்க வேண்டும் என்று வந்ததை வாய்க்கால் சண்டையில் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். உண்மையாகப் பாதிக்கப்பட்ட பெண்ணின் வழக்கையும் இது பலவீனமாக்கிவிடும். ஸ்டேஷனிலேயே பிணையில் விட முடியாத பிரிவு என்பதால்தான் முன்ஜாமீன் அவசரம் என்றேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சட்டம் "துன்புறுத்தல்" என்பதை ஒரு ஆண் செய்யும் அநாகரிகமான செயல் என்றுதான் விளக்குகிறது. அப்படியென்றால் உங்கள் அம்மா மேல் அது எப்படி வரும்? வக்கீலிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். 2025 ஜனவரியில் சட்டமன்றம் தண்டனையைக் கூட்டித் திருத்த மசோதா நிறைவேற்றியது. உங்கள் வழக்கில் சம்பவ நாளில் எந்த வாசகம் அமலில் இருந்தது என்பதையும் அவர் பார்த்துக்கொள்வார்.

இப்போது நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி. "அவரே தடுக்கி விழுந்தார்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். நடந்ததே உங்களுக்கு நல்ல பதில். மண்வெட்டியை ஓங்கியவரைத் தள்ளிவிடுவது தற்காப்பு. பி.என்.எஸ் 34 முதல் 44 வரை அதுதான். தேவைக்கு மேல் தாக்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். விழுந்தவரை அப்பா மறுபடி அடிக்கவில்லை என்றால் அந்த எல்லைக்குள்தான் நிற்கிறார். தற்காப்பைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதும் இல்லை, நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு என்று காட்டினால் போதும். ஆனால் "நான் தொடவே இல்லை" என்று ஒரு இடத்திலும், "தற்காப்புக்குத் தள்ளினேன்" என்று இன்னொரு இடத்திலும் சொன்னால் இரண்டையும் யாரும் நம்பமாட்டார்கள்.

தம்பிக்கு அலிபி, அதாவது சம்பவ நேரத்தில் வேறு இடத்தில் இருந்தான் என்ற வாதம். கோச்சிங் சென்டர் வருகைப் பதிவு, பஸ் டிக்கெட், டீக்கடையில் போனில் பணம் அனுப்பிய பதிவு, கூடப் படித்த பிள்ளைகள், எல்லாவற்றையும் இன்றே சேருங்கள். சென்டரிலோ எதிர்க்கடையிலோ கேமரா இருந்தால் பதிவு சில நாளில் அழிந்துவிடும். பாதுகாக்கச் சொல்லி உரிமையாளருக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலை ஸ்டேஷனுக்கும் அனுப்புங்கள். அலிபியை முதல் நாளே சொல்ல வேண்டும். இரண்டு வருடம் கழித்துச் சொன்னால் ஜோடித்தது மாதிரி இருக்கும். பேப்பர் பலமாக இருந்தால் அவன் ஒருவனுக்கு மட்டும் 528-ல் ரத்து கேட்கலாம்.

ஸ்டேஷனில் வெள்ளைத்தாளில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். சாட்சியாக விசாரித்து எழுதும் வாக்குமூலத்திலும் கையெழுத்து தேவையில்லை.

ஓய்வு ரைட்டர்:

ஸ்டேஷன் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஏன் இத்தனை பிரிவு என்று அந்தப் பெண் குழம்பியிருக்கிறார், அதற்காக எழுதுகிறேன்.

115(2) மட்டும் இருந்தால் மாஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது. புகார் கொடுத்தவரோ ரத்தக் கட்டோடு எதிரில் நிற்பார். கூடவே 296(பி) வந்தால் நேரடியாக எஃப்.ஐ.ஆர் போடலாம். அதனால் அடிதடி என்றாலே இந்தப் பிரிவுகள் ஒன்றாக வந்துவிடும். இது சரி என்று நான் சொல்லவில்லை, நடைமுறையைச் சொல்கிறேன்.

அதன் விளைவையும் பாருங்கள். 60 வயதுக்கு மேற்பட்டவரை, மூன்று வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில் டி.எஸ்.பி அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது என்று பி.என்.எஸ்.எஸ் 35(7) சொல்கிறது. 118(1), 351(3) சேர்ந்ததால் உங்கள் அப்பாவுக்கு அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. ஆனாலும் ஏழு வருடம் வரையிலான குற்றங்களில் நினைத்தவுடன் கைது செய்ய முடியாது. காரணத்தை எழுத வேண்டும், கைது தேவையில்லை என்றால் 35(3) நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் ஒளியாமல் குறித்த நேரத்தில் போய் நில்லுங்கள்.

காவலர் தேர்வு பற்றி. விண்ணப்பத்திலும் சரிபார்ப்புப் படிவத்திலும் வழக்கை மறைத்தால் அதுவே அவன் வேலையைக் கெடுத்துவிடும். இன்னொன்று, சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும் வழக்கில் தொடர்புடையவராகவே காவலர் பணி விதி 14(பி) கருதும். அதனால் அந்தப் பையன் பெயர் வழக்கிலிருந்து சுத்தமாக நீங்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் "எப்படியும் விடுதலை ஆகிவிடும்" என்று சொல்வதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

வாய்க்கால்கரை மகள்:

அண்ணாச்சி, ரைட்டர் சார், இருவருக்கும் நன்றி. நேற்றே ஊருக்கு வந்துவிட்டேன். அப்பாவை ஜி.ஹெச்சுக்குக் கூட்டிப்போனோம். எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்பில் விரிசல். இத்தனை நாளும் "சுளுக்குதான்" என்று சொல்லிக்கொண்டு வலது கையால் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். டாக்டர் கேட்டபோது, "பக்கத்து வீட்டுக்காரர் மண்வெட்டிக் காம்பால் அடித்தார், நானும் தள்ளினேன்" என்று முழுசாகச் சொன்னார். அம்மா பயந்து கையைப் பிடித்தாள். நான் சொல்லவிட்டேன். சரியா?

தம்பியின் வருகைப் பதிவை சென்டரில் கையெழுத்தோடு கொடுத்தார்கள். ஆறு மணி மாதிரித் தேர்வில் அவன் எழுதிய விடைத்தாளும் இருக்கிறது. வக்கீல் ஃபீஸுக்குப் பணம் புரட்டுகிறோம்.

குமாஸ்தா அண்ணாச்சி:

சரியாகத்தான் செய்தீர்கள். முழு உண்மையும் அந்த வரியில் இருப்பது அப்பாவுக்குத்தான் பலம்.

எலும்பு விரிசல் சட்டப்படி கொடுங்காயம். பி.என்.எஸ் 116-ல் எலும்பு முறிவு வருகிறது. உங்கள் எதிர்ப்புகார் இப்போது அவர்களுடையதைவிடப் பெரிய வழக்கு. எக்ஸ்ரே ஃபிலிமை வக்கீலிடம் கொடுங்கள், ரிப்போர்ட் நகலை விசாரணை அதிகாரியிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். விடைத்தாளின் அசல் சென்டரிலேயே இருக்கட்டும், நகல் மட்டும் உங்களிடம்.

ஃபீஸுக்காகக் கடன் வாங்கும் முன் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு தடவை போய் வாருங்கள், கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். அம்மா பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அவருக்கு இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி 15100.

இந்த எக்ஸ்ரே விஷயம் வெளியே தெரிந்ததும் சமாதானம் பேச ஆள் வரலாம். வந்தால் கதவைச் சாத்தாதீர்கள், வக்கீலை வைத்துப் பேசுங்கள். மாநிலச் சட்டப் பிரிவில் இரு தரப்பும் தாமாகச் சமாதானமாகி முடிக்க முடியாது, ஹைகோர்ட்டில் கூட்டாகப் போய் ரத்து கேட்க வேண்டும். வாய்க்காலில் கொட்டிய மண்ணை அவர் அள்ள வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

முன்ஜாமீன் கிடைத்தால் பெரும்பாலும் தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று நிபந்தனை போடுவார்கள். ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. தம்பிக்கு அந்த நிபந்தனை வந்தால் உடல்தகுதித் தேர்வு நாளுக்கு முன்கூட்டியே தளர்வு மனு போட வேண்டும். தேதி வந்ததும் இங்கே எழுதுங்கள்.