வலிப்புக்கு விஎன்எஸ் அல்லது டிபிஎஸ் என்ற மின்தூண்டல் சிகிச்சை செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். என் தம்பிக்கு 26 வயது. சின்ன வயதிலிருந்தே வலிப்பு. வால்ப்ரோயேட், லெவெடிராசெட்டாம், குளோபசாம் என்று மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் அடங்கவில்லை. வீடியோ இஇஜி (வீடியோவோடு மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் பரிசோதனை) எடுத்ததில் மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கிளம்புகிறது என்று தெரிந்தது. அதனால் அந்த இடத்தை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை சரிவராதாம்.

மிச்சம் மின்தூண்டல்தான். கழுத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டும் விஎன்எஸ், இல்லையென்றால் மூளைக்குள் ஆழத்தில் தலாமஸ் என்ற பகுதியில் மின்முனை வைக்கும் டிபிஎஸ். அமெரிக்காவில் முதலாவதுக்கு 1997-லும் இரண்டாவதுக்கு 2018-லும் அனுமதி கிடைத்திருக்கிறது. டிபிஎஸ் பற்றிய சாண்டே (SANTE) என்ற ஆய்வில் 110 பேருக்குக் கருவி வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு வலிப்பின் எண்ணிக்கை 56 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. முழுக்க நின்றவர்கள் குறைவுதான், அது தெரிந்தே கேட்கிறேன்.

என் பயம் வேறு. அதே ஆய்வில் சிலருக்கு மனச்சோர்வும் மறதியும் வந்திருக்கின்றன. தம்பி ஏற்கெனவே சோர்ந்துபோய்த்தான் இருக்கிறான். டிபிஎஸ் வைத்த பிறகு உங்கள் வீட்டில் மனநிலை எப்படி இருந்தது? விஎன்எஸ் என்றால் குரல் கரகரப்பு பழகிவிடுகிறதா? வலிப்பு வரும்போது கூடுதல் தூண்டல் கிடைக்கக் காந்தத்தை அந்தக் கருவியின் மேல் காட்டுவது நிஜமாகவே உதவுகிறதா?

அப்புறம் செலவு. பேட்டரி தீர்ந்து மாற்றும்போது காப்பீட்டில் பணம் கிடைத்ததா? திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா, பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைகளுக்குப் போனவர்கள் எவ்வளவு நாள் காத்திருந்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.

சாவிக்கொத்து வைத்தியம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ். அதைப் போதுமான அளவு பார்த்தாயிற்று.