சொந்த லேபிளில் ஒயின் போடும் லத்தீனோ பெண்கள்: நேரில் பார்த்ததை எழுதுங்கள்

பீப்பாய்க்கடை

கஸ்டம் கிரஷ், அதாவது கூலி கொடுத்து அடுத்தவர் ஆலையில் நம் ஒயினைப் போடுவது, இந்த மன்றத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், நேரே வருகிறேன். கலிபோர்னியாவின் சொனோமா, அக்டோபர் முதல் வாரம். மெக்சிகோவின் மிச்சோகானிலிருந்து வந்த குடும்பம். அப்பா கொடி கவாத்து செய்தவர். மகள் இரண்டு டன் பினோ நுவார் திராட்சை வாங்கி, தொட்டிக்கு அரை டன்னாக நாலு பிளாஸ்டிக் தொட்டியில் நொதிக்க விட்டிருந்தார்.

ஐந்தாம் நாள் காலை, தொப்பியை (சாற்றின் மேல் மிதக்கும் தோல் அடுக்கை) அமுக்கக் கட்டையை இறக்கியதும் குப்பென்று அழுகிய முட்டை வாடை. ஈஸ்டுக்கு நைட்ரஜன் பற்றாவிட்டால் வரும் வாடை அது. பக்கத்துத் தொட்டிக்காரர் நைட்ரஜன் தீனியான டி.ஏ.பி. (டைஅம்மோனியம் பாஸ்பேட்) பையோடு ஓடி வந்தார். அந்தப் பெண் வாங்கவில்லை. முதலில் ஹைட்ரோமீட்டரில் சர்க்கரையை அளந்தார். 24.5 பிரிக்ஸில் (சர்க்கரை அளவு) தொடங்கியது 9-க்கு இறங்கியிருந்தது. சர்க்கரை பாதிக்கு மேல் போன பிறகு அம்மோனியத்தை ஈஸ்ட் உள்ளே இழுக்காது. ஒயினிலேயே தங்கி அடுத்து வரும் கிருமிக்குத் தீனியாகும்.

அடுத்து அவர் செய்ததுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. கையை நன்றாகக் கழுவிவிட்டு முழங்கை வரை தொப்பிக்குள் விட்டார். தோல் மிதக்கும் மேல்பகுதி கொதிக்கிறது, ஒரு சாண் கீழே சாறு வெதுவெதுப்புதான். வெப்பமானியை நாம் எப்போதும் சாற்றில்தான் நிறுத்துகிறோம். அது 28 டிகிரி காட்டும்போது தொப்பி 35-ஐத் தாண்டியிருக்கும். சூடு ஏறினால் ஈஸ்டுக்குப் பசியும் ஏறும். லேப் சீட்டில் நைட்ரஜன் லிட்டருக்கு 110 மி.கி. மட்டும். அந்தச் சர்க்கரைக்கு 200-க்கு மேல் வேண்டும். ஆரம்பத்தில் லிட்டருக்குக் கால் கிராம் டி.ஏ.பி. போட்டிருந்தார். அதில் கிடைப்பது 50 மி.கி. சொச்சம், பற்றாது. மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை கரைந்த நேரத்தில் இரண்டாம் தவணை போட்டிருக்க வேண்டும்.

பிறகு அடியிலிருந்து சாற்றைச் சல்லடை வழியாக அகன்ற தொட்டியில் காற்றுப் பட்டு வாடை போகும்படி சளசளவென்று விழ விட்டு, மறுபடி தொப்பி மேலேயே ஊற்றினார். தினம் இரண்டு வேளை, இரண்டு நாள். வாடையைப் பிடித்து எடுக்கும் காப்பர் கரைசலைப் போடவில்லை. நொதிக்கும்போது போட்டால் ஈஸ்ட் மேலேயே ஒட்டிக்கொண்டு பாதி வீணாகும்.

கணக்குப்பிள்ளை

வாடையை விடுங்கள், இரண்டு டன் என்ற கணக்கே வில்லங்கம். டன்னுக்குச் சுமார் 60 கேஸ், கேஸுக்கு 12 பாட்டில். இரண்டு டன் 1,440 பாட்டில், அதாவது 1,080 லிட்டர். 225 லிட்டர் பீப்பாயில் ஊற்றினால் நாலு நிரம்பும், ஐந்தாவதில் 180 லிட்டர்தான் நிற்கும். குறைப் பீப்பாய் என்றால் உள்ளே காற்று, காற்று என்றால் வினிகர். நாபாவில் ஒரு லேபிள்கார அம்மா இதற்காகவே நாலு பீப்பாயோடு நிறுத்திவிட்டு, மிச்சத்தைச் சின்ன ஸ்டீல் டிரம்மிலும் கண்ணாடி ஜாடிகளிலும் கழுத்து வரை நிரப்பி வைத்திருந்தார். மாதாமாதம் பீப்பாய் உறிஞ்சுவதை ஈடுகட்ட அதிலிருந்துதான் ஊற்றுவார்.

அவருடைய நோட்டில் ஒரு பக்கம் மறக்காது. இடப்பக்கம் முதல் அறுவடைச் செலவு: திராட்சை, ஆலைக் கூலி, பீப்பாய், பாட்டில், கார்க். வலப்பக்கம் வரவு, முழுக்கக் காலி. இரண்டாவது அறுவடைக்கான வரி அதற்குக் கீழேயே தொடங்கிவிட்டது. முதல் பாட்டில் விற்குமுன் அடுத்த வருடத் திராட்சைக்கும் பணம் கட்டியாக வேண்டும். பலர் கவிழ்வது அங்கேதான். அவர் இரண்டாம் வருடம் ஒரு டன்னோடு நிறுத்திக்கொண்டார்.

வரியைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஆல்கஹால் 16 சதவீதத்துக்கு மேல் போகாத சாதா ஒயினுக்கு அமெரிக்கக் கூட்டரசு வரி கேலனுக்கு 1.07 டாலர். முதல் 30,000 கேலனுக்கு ஒரு டாலர் கழிவு, மிஞ்சுவது 7 சென்ட். கழுத்தைப் பிடிப்பது லைசென்ஸ். கலிபோர்னியாவில் ஆலை இல்லாதவர் எடுக்கிற 17-ம் வகை, 20-ம் வகை லைசென்ஸ் ஜோடியில் கடைக்கு மொத்தமாக விற்கலாம், இணையத்திலும் போனிலும் சில்லறையாக விற்கலாம். ஆளைக் கூப்பிட்டு ஊற்றிக் கொடுத்து ருசி பார்க்க வைக்க முடியாது. அதற்கு ஆலைக்காரர் எடுக்கும் 02 வகை வேண்டும். சின்ன லேபிளுக்கு வாடிக்கையாளர் பிடிப்பதே ஊற்றிக் கொடுத்துத்தான் என்னும்போது இது எவ்வளவு பெரிய தடை!

கொடிக்கால்

கணக்குப்பிள்ளை சார், உங்கள் நோட்டில் நிலம் என்ற பத்தியே இல்லையே. அமெலியா மொரான் செஹா கதை உங்களுக்குத் தெரியாததா? 1967-ல் 12 வயதில் மெக்சிகோவின் ஹலிஸ்கோவிலிருந்து நாபா வந்து அப்பாவோடு திராட்சை பறித்தவர். குடும்பம் 1983-ல் கார்னரோஸில் 15 ஏக்கர் வாங்கியது. அவர்களின் ஒயின் நிறுவனமான செஹா வைன்யார்ட்ஸ் தொடங்கியது 1999-ல். இடையில் 16 வருடம். முதலில் நிலம், அப்புறம்தான் பாட்டில்.

கார்னரோஸில் பார்த்த இன்னொரு பெண்ணைப் பற்றி. ஆகஸ்ட், காய் நிறம் மாறும் சமயம். முக்கால்வாசி கறுத்துவிட்ட வரிசையில் இன்னும் இளஞ்சிவப்பாகவே நின்ற குலைகளை மட்டும் கத்தரித்துக் கீழே தள்ளிக்கொண்டே போனார். மேற்பார்வையாளர் முகம் சுருங்கிவிட்டது. டன் கணக்கில் ஒப்பந்தம் போட்டால் இதுதான் சண்டை: விற்பவருக்கு எடை வேண்டும், வாங்குபவருக்குக் குறைந்த காய் வேண்டும். இவர் ஏக்கர் கணக்கில் போட்டிருந்தார். கீழே விழுந்த குலை அவர் பணம், யாரும் கேட்க முடியாது. இலையையும் காலை வெயில் படும் பக்கம்தான் கிள்ளினார். மேற்குப் பக்க இலையைத் தொட்டால் பிற்பகல் வெயிலில் பழம் வெந்துவிடும்.

கணக்குப்பிள்ளை

1983-ல் 15 ஏக்கர் வாங்கினார்கள், சரி. இன்றைக்கு அதே கார்னரோஸில் ஒரு ஏக்கர் விலை கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள் தம்பி. ஏக்கர் ஒப்பந்தம் நல்ல யோசனைதான். ஆனால் பூக்கிற நேரம் மழை பெய்து காய் பிடிக்காவிட்டாலும் முழுப் பணம் கட்ட வேண்டும், அதையும் சேர்த்து எழுதுங்கள்.

லேப்மேசை

2020 பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆகஸ்டில் மின்னல் தீ, செப்டம்பர் 27-ல் கிளாஸ் ஃபயர் என்ற காட்டுத்தீ. திராட்சையில் புகை ஏறியிருக்கிறதா என்ற பரிசோதனைக்கு லேப்களில் வாரக்கணக்கில் வரிசை. திராட்சை காத்திருக்குமா?

ஒரு பெண் தோட்டத்தின் நாலு மூலையிலிருந்தும் குலை பறித்து வந்து, நசுக்கி, பெயிண்ட் வாளி அளவு வாளியில் ஈஸ்ட் போட்டு வைத்தார். பச்சைச் சாற்றை நக்கிப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது, ஏனென்றால் புகை வாடை தரும் குவாயக்கால் சர்க்கரையோடு கோத்துக்கொண்டு ஒளிந்திருக்கும். நொதிக்கும்போதுதான் அவிழும். ஆறாம் நாள் வடிகட்டி ஐந்து பேருக்குக் கொடுத்தார். ஒருவரை மட்டும் நம்பக் கூடாது, சிலர் நாக்குக்குப் புகை தெரியவே தெரியாது. துப்பிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னார். முதலில் செர்ரிப் பழம்தான். நாற்பது நொடி கழித்து அடித்தொண்டையில் சாம்பல். மூன்று பேர் ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்தார்கள். அந்தத் தோட்டத்தை அவர் வாங்கவில்லை.

மால்பெக்மணி

லத்தீனா என்றால் கலிபோர்னியா மட்டுமா? அர்ஜென்டினாவில் சுசானா பால்போ. அந்த நாட்டில் ஒயின் படிப்பில் பட்டம் வாங்கிய முதல் பெண், 1981. முதல் வேலை வடக்கே கஃபாயாத்தேயில், தொரொந்தேஸ் என்ற வெள்ளைத் திராட்சை ஒயினோடு. சொந்த ஆலை 1999-ல், மென்டோசாவில். தொரொந்தேஸ் தோலோடு ஊறினால் கசக்கும். விடியுமுன் பறித்து, லேசாகப் பிழிந்து, தானாக வடிந்ததைத் தனியே எடுத்து 15 டிகிரிக்குக் கீழே நொதிக்க விட்டால்தான் மல்லிகை மணம் நிற்கும். இன்னொன்று: நாம் தொப்பி என்பதை ஸ்பானிஷ் ஆலைகளில் சொம்ப்ரேரோ என்றே சொல்கிறார்கள்.

சல்பர்சாமி

பீப்பாயின் சிலிக்கான் மூடியைப் பிடுங்கி, ஒயினை மோராமல் மூடியின் அடிப்பக்கத்தை மோந்து பார்த்த ஒரு பெண்ணைப் பார்த்ததுண்டு. வினிகர் வாடை முதலில் அங்கேதான் பிடிக்கும். அவ்வளவுதான் சம்பவம்.

ஆனால் இங்கே எழுதிய ஒருவர்கூட பி.எச். (அது ஏறினால் புளிப்பு குறைவு) பற்றி வாய் திறக்கவில்லை என்பதால் சொல்லியே ஆக வேண்டும். “30 பி.பி.எம். சல்பர் வைத்திருக்கிறேன்”, அதாவது ஒயின் கெடாமலிருக்க லிட்டருக்கு 30 மி.கி. சல்பர் டை ஆக்சைடு, என்பது பாதிப் பேச்சு. கிருமியை அடிப்பது மூலக்கூறாக நிற்கும் சிறு பங்குதான், அது பி.எச். ஏற ஏற மளமளவென்று குறையும். மூலக்கூறு அளவு 0.5 பி.பி.எம். நிற்க வேண்டுமென்றால் பி.எச். 3.5-ல் 25 பி.பி.எம். போதும், 3.8-ல் 49 வேண்டும். வெள்ளை ஒயினுக்கு 0.8 என்று வைத்தால் அதே 3.5-ல் 40. நாம் போடும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் பொடியில் சல்பர் டை ஆக்சைடு 57.6 சதவீதம்தான். அதனால் 225 லிட்டர் பீப்பாயில் 30 ஏற்ற 6.75 கிராம் போட்டால் பற்றாது, 11.7 கிராம் போட வேண்டும். பழைய பொடி ஈரம் பட்டால் வீரியம் போய்விடும், வருடா வருடம் புதிது வாங்குங்கள். மாலோலாக்டிக் (பாக்டீரியா நடத்தும் இரண்டாம் நொதிப்பு) முடிந்ததா என்று பார்க்காமல் சல்பர் போடாதீர்கள். அந்தப் பாக்டீரியாவையும் சேர்த்துப் பாதியில் அமுக்கிவிட்டு, பிறகு பாட்டிலுக்குள் மிச்சம் நொதித்துக் குமிழி விட்டால் யாரைத் திட்டுவது? போட்டதும் அளக்கவும் வேண்டாம். கொஞ்சம் கட்டுண்டு போகும், சில நாள் விட்டு அளந்து மீதியைப் போடுங்கள்.

லேபிள்ரோல்

சாமி, யாரும் கேட்கவில்லை. ஆனாலும் குறித்துக்கொண்டேன்.

பாட்டிலடைக்கும் லாரி காலை 7 மணிக்கு வந்து நின்றாயிற்று. லேபிள் ரோலை ஏற்றினால் எழுத்து தலைகீழாக வருகிறது. அச்சகத்தில் சுற்றிய திசை தப்பு. அந்தப் பெண் கத்தவில்லை. முன் லேபிளை விட்டுவிட்டுக் கார்க் மட்டும் அடித்து, பாட்டிலை வெறுமனே கேஸில் அடுக்கச் சொன்னார். லாரியைத் திருப்பி அனுப்பினால் நாள் கூலி போகும், அடுத்த தேதி எப்போது கிடைக்குமோ. ஆர்டர் கொடுக்கும்போதே எந்த முனை முதலில் வர வேண்டும் என்று லாரிக்காரரிடம் கேட்டு அச்சகத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

கணக்குப்பிள்ளைக்கு ஒன்று: ஜாடியிலிருந்து ஊற்றும் ஒயின் போன வருடத்ததாக இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். லேபிளில் ஏ.வி.ஏ. (அரசு வரையறுத்த திராட்சைப் பகுதி) பெயரும் வருடமும் போட்டால் 95 சதவீதம் அந்த வருடத்து ஒயினாக இருக்க வேண்டும். ரகத்தின் பெயருக்கு 75, ஏ.வி.ஏ. பெயருக்கு 85.

கொடிக்கால்

பீப்பாய்க்கடை அண்ணே, அந்த முட்டை வாடை கடைசியில் போயிற்றா இல்லையா?

பீப்பாய்க்கடை

மூன்று தொட்டியில் போய்விட்டது. சுவரோரம் இருந்த நாலாவதில் முட்டை போய் வெங்காயம் வந்தது. மெர்காப்டன் என்ற கந்தகப் பொருளின் வாடை. டிசம்பரில் இரண்டு கிளாஸில் ஊற்றி ஒன்றில் மட்டும் ஒரு சொட்டு காப்பர் கரைசல் விட்டுப் பார்த்தார். வித்தியாசமே இல்லை. மெர்காப்டன் இரண்டிரண்டாக டைசல்பைடாகக் கோத்துவிட்டால் காப்பர் பிடிக்காது, முதலில் அஸ்கார்பிக் அமிலம் போட்டு அவிழ்த்துவிட்டுத்தான் காப்பர். அதையும் ஒரு கிளாஸில் செய்து வைத்திருந்தார். முடிவு தெரியும்வரை அந்த ஒயினை மற்றதோடு சேர்க்கவில்லை. தனிப் பீப்பாய், மேலே சாக்பீஸால் பெரிதாக 4.