மீன் குஞ்சுகளின் நாற்றங்கால் எங்கே? யாரைக் கேட்டு வரைவது?

கோரையாற்றுக்காரன்:
முத்துப்பேட்டைப் பக்கம் எங்கள் ஊருக்குப் போன வாரம் கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் வந்தார்கள். பெரிய காகிதத்தில் காயல், அலையாத்திக் காடு, ஆற்று வாய்கள் எல்லாம் போட்ட வரைபடம். "கொடுவாக் குஞ்சு, மடவைக் குஞ்சு, பொடி இறால் எங்கெங்கே பார்ப்பீர்கள்? வட்டம் போடுங்கள்" என்றார்கள். என் சித்தப்பா முதல் வேலையாகக் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பினார். எங்களுக்குக் கடல் தெற்கே. படகில் போகிறவனுக்குக் கடல் எப்போதும் முன்னால்தான். அப்புறம் மளமளவென்று வட்டம் விழுந்தது. ஆனால் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு காலம் சொன்னார். மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்தால் இங்கே, ஐப்பசி மழைக்கு அங்கே, சித்திரை வெயிலில் காயல் உப்பேறினால் இரண்டு இடத்திலும் இல்லை. ஒரு காகிதம் போதவில்லை.

கொள்ளிடம் வாயிலிருந்து முத்துப்பேட்டை வரை இப்படி ஒன்று வரைய வேண்டும் என்பது என் கட்சி. தூர்வாருவதோ இறால் பண்ணைக்கு இடம் கொடுப்பதோ அதைப் பார்த்த பிறகு நடக்கட்டும்.

தலைக்கல்:
கடல் உயிரியல் படித்தவன், கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன். குஞ்சு இருக்கிற இடமெல்லாம் நாற்றங்கால் ஆகாது. டெல்டாக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். வயலில் நெருக்கமாக முளைத்துவிட்டால் மட்டும் நாற்றங்காலா? நாற்று தேறி, பறித்து, நடவு வயலுக்குப் போக வேண்டும். 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் சேர்ந்து சொன்ன இலக்கணமும் இதுதான். குஞ்சு எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு வேகமாக வளர்கிறது, எத்தனை பிழைக்கிறது, எத்தனை பெரிய மீனாகி வேறு இடம் சேர்கிறது என்று நான்கையும் பார்க்க வேண்டும். உங்கள் சித்தப்பா முதலாவதைச் சொல்வார். நான்காவதை எப்படிச் சொல்வார்?

இன்னொன்று, வலை போகிற இடம்தான் மீனவருக்குத் தெரியும். போகாத இடத்தில் குஞ்சு இல்லை என்று ஆகிவிடுமா?

கோரையாற்றுக்காரன்:
நான்காவதைச் செயற்கைக்கோள் சொல்லுமா? அதற்குக் காடு தெரியும், கலங்கின தண்ணீருக்கு அடியில் குஞ்சு தெரியாது. ஆய்வுக் கப்பல் இடுப்பளவுச் சேற்றுக்குள் வராது. அமெரிக்காவின் மெய்ன் கரையில் டெட் ஏம்ஸ் என்ற மீனவர், வயதான படகோட்டிகளிடம் கேட்டுக் கேட்டே, அந்தக் கரையில் அற்றுப்போன காட் மீன் முன்பு முட்டையிட்ட இடங்களை வரைந்தார். 2005இல் அவருக்கு மக்ஆர்தர் விருதே கொடுத்தார்கள்.

தலைக்கல்:
ஏம்ஸ் நல்ல எடுத்துக்காட்டு, எனக்குச் சாதகமான எடுத்துக்காட்டும்கூட. அவர் கேட்டதை அப்படியே வரைந்துவிடவில்லை. ஒருவர் சொன்னதை அடுத்தவர் சொன்னதோடும், கடலடி மண்ணோடும் ஆழத்தோடும் ஒப்பிட்டார். நான்காவதற்கும் வழி இருக்கிறது. மீன் தலைக்குள் ஒரு கல் இருக்கிறதே, மரத்துக்கு வளையம் மாதிரி அதில் அடுக்கு அடுக்காகச் சுண்ணாம்பு படியும். கடலில் பிடித்த பெரிய கொடுவாவின் கல்லை அறுத்துச் சோதித்தால், அது குஞ்சாக இருந்தபோது உப்புக் குறைந்த தண்ணீரில் வளர்ந்ததா என்று சொல்லலாம். உங்கள் வட்டங்களை வைத்து எந்த ஆற்று வாயில் முதலில் தேடுவது என்று முடிவு செய்யலாம். அதற்குமேல் அவற்றை நம்பச் சொல்லாதீர்கள்.

நாகை விசைப்படகு:
படித்தவர்கள் பேசுகிறீர்கள், சரி. நான் விசைப்படகுக்காரன். வருசா வருசம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கரையில் உட்கார்கிறோம். இப்போது நம் வாயாலேயே வட்டம் போட்டுக் கொடுத்தால், நாளைக்கு அந்த வட்டத்துக்குள்ளே கால் வைக்காதே என்று அதே காகிதத்தைக் காட்டுவார்கள். கண்ணி பொடிசான வலைக்காரன் கையில் அது கிடைத்தால் அவனுக்கு வேட்டை. அண்ணே, தாத்தா காலத்திலிருந்து ஊருக்குள் வைத்திருந்த ரகசியத்தை எதற்குக் காகிதத்தில் ஏற்றுகிறீர்கள்?

கோரையாற்றுக்காரன்:
தம்பி, ரகசியம் காப்பாற்றியதா? 2018 கஜா புயலில் அலையாத்திக் காடு நிறையச் சாய்ந்தது. எங்கே என்ன இருந்தது என்று கேட்டவர்களுக்குக் கையில் காட்ட நம்மிடம் ஒன்றும் இல்லை.

கோடியக்கரை மருமகள்:
இவ்வளவு பேசியும் யாரும் பெண்களைக் கேட்கவில்லை, கவனித்தீர்களா? கடலுக்குப் போகிறவருக்குப் பெரிய மீன் தெரியும். பொடிசு தெரிவது முழங்கால் தண்ணீரில் நிற்கிறவருக்கு. பிச்சாவரத்தில் இருளர் வீட்டுப் பெண்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்துச் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். பறிக்கூடை பல்லில் தொங்கும். விரலில் இறால் தட்டினதும் பிடித்துப் பறிக்குள் போடுவார்கள். வலையே இல்லை. "வலை போகாத இடம்" என்ற கேள்வி அவர்களிடம் எப்படி நிற்கும்?

என் மாமியாரும் ஓடையில் இறங்கியவர்தான். இறங்குமுன் விரலை நனைத்து நாக்கில் வைப்பார். உப்பு "நறுக்"கென்று இருந்தால் திரும்பிவிடுவார்.

தலைக்கல்:
அக்கா, இதை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். உங்கள் மாமியார் எந்த ஓடையில் இறங்கவே மாட்டார்? இல்லாத இடத்தையும் யாராவது சொன்னால்தான் இருக்கிற இடத்துக்கு மதிப்பு. இந்த மாதிரிக் கணக்கெடுப்பில் யாரும் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கோடியக்கரை மருமகள்:
கேட்டேன். இரண்டு ஓடை சொன்னார். ஒன்றில் பண்ணைத் தண்ணீர் விழுகிறதாம், "கால் வைத்தால் அரிக்கும்." இன்னொன்று வாய் அடைத்துப்போய்ப் பல வருடம் ஆகிறது. அதில் முன்னே கிழங்கான் குஞ்சு கால் விரலைக் கொத்துமாம். இப்போது தண்ணீரே கணுக்கால்தான். இதற்கு எந்த நிறப் பென்சில்?

தலைக்கல்:
வேறு காகிதம். "அன்று" ஒன்று, "இன்று" ஒன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் வரைபடம் பொய் சொல்லும்.

நாகை விசைப்படகு:
எத்தனை காகிதம் வேண்டுமானாலும் போடுங்கள். என் பயம் வேறு. இடத்தைப் புள்ளியாக வைக்காமல் பெரிய கட்டமாக வையுங்கள், வெளியே காட்டுவது அது மட்டும். துல்லியமானது ஊர்ப் பஞ்சாயத்திடம் இருக்கட்டும், ஊர் சொல்லாமல் யாருக்கும் போகக்கூடாது. இதற்குச் சம்மதித்தால் நானும் கேட்டு எழுதி அனுப்புகிறேன். ஆமாம், சித்தப்பா போட்ட அந்தக் காகிதம் இப்போது யாரிடம் இருக்கிறது?

கோரையாற்றுக்காரன்:
பிள்ளைகள் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். பிரதி அனுப்புகிறோம் என்றார்கள், இன்னும் வரவில்லை. என் கைபேசியில் ஒரு படம் இருக்கிறது. அதிலும் கொள்ளுக்காடு பக்கம் முழுக்க என் கட்டைவிரல்.