தண்ணீர் குடித்தால் அப்பாவுக்குப் புரையேறுகிறது

பக்கவாதம் வந்து மூன்று வாரம். குழைந்த சாதம் இறங்கிவிடுகிறது. ஒரு மடக்கு தண்ணீர் குடித்தால்தான் இருமல், கண்ணெல்லாம் கலங்கிவிடுகிறது. விழுங்கும் அந்த ஒரு நொடியில் மூச்சு நின்று, குரல்வளை மேலெழும்பி, அதன் மூடி மடிந்து மூச்சுப்பாதையை அடைக்க வேண்டுமாம். தொண்டையில் விரல் வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள், ஏறி இறங்குவது தெரியும். அப்பாவுக்கு அது தாமதமாகிறது, தண்ணீர் முந்திக்கொள்கிறது என்றார் பேச்சுப் பயிற்சியாளர். தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி கலந்து கொடுக்கச் சொன்னார். அந்தப் பொடி கலந்தால் அப்பா வாயிலேயே வைப்பதில்லை. பச்சைத் தண்ணீர்தான் கேட்கிறார், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. இப்போதைக்குக் கேழ்வரகுக் கூழில் ஓட்டுகிறோம். இதே நிலையில் வீட்டில் யாரையாவது பார்த்துக்கொண்டவர்கள், எதைக் கொடுத்தீர்கள், எத்தனை நாளில் சரியானது, சொல்லுங்களேன்.